உடல்நலம், உளநலம், ஊர்நலம்

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து பெற்றோர் கடிதம் எழுதிய காலத்திலே, கடிதத்தின் முதல் வரி எந்த வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இறைவன் அருளால் இங்கு யாவரும் நலம், அங்கு உங்கள் நலமறிய ஆவல் என்று எழுதிய பின்னரே மற்றைய செய்திகள் தொடங்கும். இன்று கடிதம் அருகிவிட்டது. தொலைபேசியிலே பேசுகின்றார்கள், முகம் பார்த்தும் பேசுகின்றார்கள். எனினும் பேச்சின் தொடக்கம் மாறவில்லை. "சுகமாய் இருக்கிறியளோ?" என்ற கேள்விதான் இன்றும் முதலில் எழுகின்றது.

இந்தச் சிறு வழக்கத்திலே ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கின்றது. தன் நலத்தைச் சொல்வதோடு கடிதம் எழுதியவர் நிறுத்தவில்லை. மற்றவரின் நலம் அறியும்வரை தம் நலம் நிறைவடையாது என்பதையே அந்த வரி உணர்த்துகின்றது. அப்படியாயின், நலம் என்பது ஒருவருடைய தனிச் சொத்தா? அல்லது ஒரு குடும்பமும் ஓர் ஊரும் சேர்ந்து அனுபவிக்கும் பொதுச் செல்வமா? மாதகல், சில்லாலை, சுழிபுரம், சங்கானை முதலிய ஊர்கள் சூழ, வயலும் தோட்டமும் பனங்கூடலுமாக விளங்கும் பண்டத்தரிப்பைப் போன்ற ஒரு கிராமத்திலே, திருவிழாக் காலத்தில் ஆலய வீதியில் கூடும் அடியார்கள் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

உடம்பைப் பேணுதலும் வழிபாடே

உடம்பை வெறுத்து ஒதுக்குவதே ஆன்மீகம் என்று எண்ணுவோர் உளர். சைவ மரபு அவ்வாறு கூறவில்லை. திருமூல நாயனார் தாம் முன்னர் உடம்பை இழிவாக எண்ணியிருந்ததாகவும், இறைவன் உறையும் இடம் அதுவே எனக் கண்ட பின்னர் அதனைப் பேணத் தொடங்கியதாகவும் திருமந்திரத்திலே கூறுகின்றார். சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்னும் பழமொழியும் இதனையே சொல்கின்றது.

திருநாவுக்கரசு நாயனாரின் வரலாறு இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. சூலை நோயினால் துடித்த அவருக்கு மருந்துகளும் மந்திரங்களும் பயன்படவில்லை. இறுதியில் அவர் நாடிச் சென்றது தமக்கையார் திலகவதியாரையே. தம்பியின் பிழையைச் சுட்டிக்காட்டி அவர் கதவைச் சாத்தவில்லை. திருநீறு அளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். நோய் நீங்கியது இறைவனின் அருளால். எனினும் அந்த அருளின் வாசல் வரை நோயாளியைக் கொண்டு சேர்த்தவை ஓர் உறவின் கரங்கள். நோய் தீர்ந்த பின்னர் அப்பரடிகள் வெறுமனே இருந்தாரல்லர். கையிலே உழவாரப் படையை ஏந்தி ஆலய வீதிகளில் புல் செதுக்கித் தொண்டு செய்தார். நலம் பெற்ற உடம்பு ஊருக்கு உழைக்கும் உடம்பாயிற்று. உடல், உறவு, வழிபாடு, தொண்டு ஆகிய நான்கையும் ஒரே சரட்டிலே கோத்துக் காட்டும் வரலாறு இது.

பண்டத்தரிப்பு மண்ணுக்கு மருத்துவ வரலாற்றிலே தனியொரு இடம் உண்டு. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் ஜோன் ஸ்கடர் 1819 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை வந்து, 1820 இல் பண்டத்தரிப்பிலே தங்கி மேலைத்தேய வைத்தியத்தைத் தொடங்கினார். ஆசியாவுக்கு வந்த மேலைநாட்டு மருத்துவ மிஷனரிகளில் முதன்மையானவராக அவரைக் குறிப்பிடுவர். அவருக்குப் பின் 1847 இல் வந்து மானிப்பாயிலே பணியாற்றிய டொக்டர் சாமுவேல் கிறீன், ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழ் மொழியிலேயே மாணவருக்கு மருத்துவம் கற்பித்தார். அங்காதிபாதம், இரணவைத்தியம் முதலிய சொற்கள் அக்காலத்து நூல்களிலே வழங்கின. படித்து வைத்தியராகும் மாணவர் உடையிலும் உணவிலும் அந்நியராகிவிடக் கூடாது என்பது அவரது விருப்பமாக இருந்தது. தாய்மொழியில் நோயைச் சொல்லவும் தாய்மொழியில் ஆறுதல் கேட்கவும் முடியுமானால், நோயாளிக்குப் பாதி நோய் அகன்றுவிடும் என்பதை ஊரவர் யாவரும் அறிவர்.

அதற்கும் முன்பிருந்தே இம்மண்ணில் சித்த மருத்துவம் வேரூன்றியிருந்தது. யாழ்ப்பாண மன்னர் பெயரால் வழங்கும் பரராசசேகரம், செகராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் அதற்குச் சான்று. பரராசசேகரத்தைத் தேடித் தொகுத்து அச்சேற்றிய பெருமை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை அவர்களுக்கு உரியது. அயலிலுள்ள சில்லாலை கத்தோலிக்கர் செறிந்து வாழும் ஊர். அங்கும் பரியாரிமார் பரம்பரையாகச் சித்த வைத்தியம் செய்து வந்தனர். கைபிடித்து நாடி பார்த்தவர் நோயாளியின் சமயத்தைக் கேட்கவில்லை. நோயாளியும் வைத்தியரின் சமயத்தைக் கேட்கவில்லை.

ஆகவே கோயிலா வைத்தியசாலையா, நாட்டு மருந்தா இங்கிலிஷ் மருந்தா என்ற வாதம் இவ்வூருக்குப் பொருந்தாத வாதம். நோய் வந்தால் மருந்து உண்ண வேண்டும், மனம் தளர்ந்தால் துணை தேட வேண்டும். இரண்டுக்கும் மேலாக இறைவனைச் சரணடைய வேண்டும். ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று.

வழக்கங்கள் செய்யும் உதவி

ஆலயத்தோடு இணைந்த ஒவ்வொரு வழக்கத்துக்கும் விஞ்ஞானக் காரணம் தேடி எழுதுவது பலருடைய பழக்கமாகிவிட்டது. மஞ்சளுக்கு ஒரு காரணம், வேப்பிலைக்கு ஒரு காரணம், மணியோசைக்கு ஒரு காரணம் என்று அடுக்குவர். அவற்றுள் சில உண்மை, சில மிகை. உண்மையில் வழக்கங்கள் மனிதருக்குச் செய்யும் உதவியைக் காண்பதற்கு அத்துணைத் தூரம் போக வேண்டியதில்லை. கண்முன்னே தெரிவதைப் பார்த்தாலே போதும்.

மார்கழி மாதத்துத் திருவெம்பாவைக் காலத்தில் விடியுமுன் எழுந்து நீராடிக் கோயிலுக்குச் செல்பவர், முதல் நாள் இரவு நேரத்தோடு படுக்கைக்குச் செல்ல வேண்டியிருக்கின்றது. வெளி வீதியை மூன்று முறை வலம் வருபவர், தாம் உடற்பயிற்சி செய்வதாக எண்ணாமலே நடக்கின்றார். ஆடிப்பிறப்பன்று பயறும் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சிய கூழை வீட்டிலுள்ளோர் மாத்திரம் குடித்து முடிப்பதில்லை. அயல் வீட்டுக்கும் ஒரு செம்பு போகின்றது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பைப் பற்றிக் குழந்தைகளுக்காகப் பாடிய பாடல் தலைமுறைகளைக் கடந்து நிற்பதற்கு, கூழின் சுவையோடு தோழர்கள் கூடும் மகிழ்ச்சியும் அதிலே கலந்திருப்பதே காரணம்.

சித்திரா பௌர்ணமியன்று ஆலயத்திலே சித்திரபுத்திரனார் கதை படித்துக் கஞ்சி வார்ப்பர். தாயை இழந்தவர்கள் அன்று விரதமிருந்து தாயை நினைப்பர். ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தவர்கள் கீரிமலைக்குச் சென்று நீராடிப் பிதிர்க்கடன் செய்வர். வருடத்தில் ஒரு நாளாவது இழப்பை எண்ணிக் கண்ணீர் விடுவதற்கு ஊரே அனுமதி அளிக்கும் நாட்கள் அவை. துக்கத்தைத் தனியறையிலே பூட்டி வைக்காமல் நாளும் இடமும் குறித்து வெளிக்கொணரச் செய்த முன்னோரின் அறிவு பெரிது.

புராண படனத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஒருவர் செய்யுளைப் படிக்க மற்றொருவர் பயன் சொல்ல, கேட்டிருப்போர் சூரனின் செருக்கையும் அவன் பெற்ற பேற்றையும் தத்தம் வாழ்வோடு பொருத்திப் பார்த்தனர். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்து வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்றே குறிப்பிட்டார்கள். எழுத்தறியாத மூதாட்டியும் கோயில் மண்டபத்துத் தூணில் சாய்ந்திருந்தபடியே, துன்பத்துக்கு ஒரு முடிவுண்டு என்பதைக் கற்றுக்கொண்டாள்.

வழக்கம் என்பது இவ்வாறு நேரத்தை ஒழுங்குபடுத்துகின்றது, உணவைப் பகிரச் செய்கின்றது, துக்கத்துக்கு வழி விடுகின்றது, தனியாக இருப்பவரை வெளியே அழைத்து வருகின்றது. இவை மறைபொருள் அல்ல. எனினும் இவை இல்லாமற் போகும்போதுதான் இவற்றின் அருமை விளங்குகின்றது.

துன்பம் வந்த காலத்திலே

அருமை விளங்கிய காலங்கள் பல. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமம் மக்கள் ஒரே இரவில் வீடுவாசல்களை விட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். முதியோரும் கைக்குழந்தைகளும் மழையில் நனைந்தபடி சென்றனர். பாடசாலைகளும் ஆலய மண்டபங்களும் தேவாலயங்களும் அவர்களுக்கு வீடாயின. அடுத்த ஆண்டு பலர் திரும்பி வந்தனர், வேறு பலர் வன்னிக்குச் சென்றனர், இன்னும் பலர் கடல் கடந்தனர். 2009 இல் யுத்தம் முடிவுற்றபோது இழப்பில்லாத குடும்பம் அரிதாக இருந்தது.

யாழ்ப்பாணத்திலே நீண்ட காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள், யுத்தத்தின் காயம் தனி மனிதரின் மனத்தில் மட்டுமன்றிக் குடும்பத்திலும் சமூகத்திலும் பதிந்திருப்பதை எடுத்துக்காட்டினார். அதனைக் கூட்டு வடு என்று கொள்ளலாம். ஊர் சிதறியது, அயல் கலைந்தது, பெரியோர் சொல்லைக் கேட்கும் வழக்கமும் ஒருவரையொருவர் நம்பும் வழக்கமும் தளர்ந்தன. அத்தகைய காயத்துக்கு மாத்திரை மட்டும் மருந்தாகாது. மரபுவழி வந்த சடங்குகள், மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம், அவரவர் சமயத்துக்குரிய திருநாமத்தை மீண்டும் மீண்டும் உச்சரித்தல் ஆகியவற்றையும் உளநல வைத்தியத்தோடு இணைக்கலாம் என்பது அவரது அனுபவம். சைவருக்குத் திருவைந்தெழுத்தும் கிறிஸ்தவருக்குச் செபமும் அந்த வகையில் துணை நிற்கின்றன.

மரண வீட்டை எண்ணிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர் சமைத்துக் கொண்டுவந்து, வேண்டாம் என்பவரையும் வற்புறுத்தி உண்ணச் செய்வர். அழுபவரைக் கட்டிப்பிடித்து உடன் அழுவர். எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆட்டைத் திவசம் என்று துக்கத்துக்குப் படிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் உறவு கூடுகின்றது. ஒரு வருடம் முடியும்போது துக்கம் மறைந்துவிடாது. ஆனால் அதைச் சுமந்தபடி நடக்கும் பலம் வந்துவிடுகின்றது.

இந்தப் படிகள் கிடைக்காதவர்களின் நிலையோ மிகவும் கொடியது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் அந்தியேட்டி செய்வதா, அர்ச்சனை செய்வதா என்று அறியாது ஆண்டுக்கணக்காகத் தவிக்கின்றனர். இறந்தார் என்று எண்ணிக் கிரியை செய்ய மனம் இடங்கொடாது. இருக்கின்றார் என்று நம்பிக் காத்திருக்க உடம்பு தாங்காது. அவர்களுக்கு ஊர் செய்யக்கூடியது ஒன்றே. அவர்கள் சொல்வதைச் சலியாது கேட்பதும், ஆலயத்துக்கு வரும்போது அருகில் இருத்துவதும் அதுவே.

உலகம் இப்போது கண்டறிவது

உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் 1948 இல் நடைமுறைக்கு வந்தது. நோய் இல்லாதிருத்தல் மட்டும் சுகமாகாது, உடல், உளம், சமூகம் ஆகிய மூன்றிலும் நிறைவாக இருத்தலே சுகம் என்று அது வரையறுத்தது. அமெரிக்க ஆய்வாளர் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட்டும் அவருடன் இணைந்தோரும் 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து, 2010 இல் தமது முடிவை வெளியிட்டனர். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய தரவுகள் அவற்றில் இருந்தன. உறுதியான உறவுகள் உடையோர், அவை குன்றியோரைவிட, ஆய்வுக் காலத்தின் முடிவில் உயிரோடிருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 50 வீதம் கூடுதலாக இருந்தது. புகைத்தலைக் கைவிடுவதால் வரும் நன்மைக்கு ஒப்பிடத்தக்க நன்மை இது. 2025 இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆணைக்குழு, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமை உணர்வால் வாடுவதாக அறிவித்தது.

இதனைக் கேட்கும் ஊரவர், "இது எங்களுக்குத் தெரிந்ததுதானே" என்று கூறக்கூடும். தெரிந்தது என்பது உண்மை. ஆனால் தெரிந்ததை ஊர் இன்றும் செய்கின்றதா என்பதே கேள்வி.

பல வீடுகளில் இன்று காணப்படும் ஒரு நிலையை எண்ணிப் பார்க்கலாம். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்க, பெரிய வீட்டிலே ஒரு தாய் தனியே இருக்கின்றார். வங்கியில் பணம் உண்டு. வாசலில் கமரா பூட்டப்பட்டிருக்கின்றது. பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாதந்தோறும் கிளினிக்குக்குச் சென்று மருந்து எடுக்கின்றார். தனக்காக மட்டும் சமைப்பதற்கு மனமின்றி முதல் நாள் சோற்றையே மறுநாளும் உண்கின்றார். திருவிழாவுக்குக் கொடியேறியதும் அந்தத் தாய் வேறொருவராகிவிடுகின்றார். அதிகாலையில் எழுந்து முழுகிப் பூப்பறித்து வந்து மற்றப் பெண்களோடு அமர்ந்து மாலை கட்டுகின்றார். மடைப்பள்ளியில் மரக்கறி வெட்டுகின்றார். அன்னதானப் பந்தியிலே பத்துப் பேரோடு அமர்ந்து பசித்து உண்கின்றார். முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டால், அதை மறந்துவிட்டதாகச் சிரிக்கின்றார். கொடியிறங்கிப் பந்தல் பிரித்த பின்னர் வீடு மீண்டும் மௌனமாகின்றது, வலியும் திரும்பி வருகின்றது.

அந்தத் தாய்க்கு நலம் தந்தது தெய்வமா, மனிதரா? சைவ சித்தாந்தம் இந்தக் கேள்வியையே ஏற்காது. சிவஞானபோதத்தின் 12 ஆம் சூத்திரம், அன்பரோடு கூடியிருத்தலையும், அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழுதலையும் சேர்த்தே வைத்திருக்கின்றது. அடியார் கூட்டம் வழிபாட்டுக்கு வந்து சேரும் கூட்டம் மட்டும் அன்று. அது வழிபாட்டின் ஓர் உறுப்பு. ஆகவே பத்து நாள் பக்கத்தில் இருந்தவர்கள் பதினோராம் நாள் அந்தப் படலையைத் திறவாமல் போவார்களாயின், வழிபாட்டிலும் ஒரு குறை நேர்கின்றது.

கட்டும் கயிறே வெட்டவும் கூடும்

இவ்வளவும் கூறிய பின்னர் ஒரு கசப்பான உண்மையையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். மனிதருக்கு நலம் தரும் அதே ஊரும் வழக்கமும் சில வேளைகளில் மனிதரைக் காயப்படுத்தியும் இருக்கின்றன.

பண்டத்தரிப்பிலே பணிபுரிந்த டொக்டர் ஸ்கடரின் பேர்த்தி ஐடா ஸ்கடர் என்பவர். அவர் இளவயதில் மருத்துவராகும் எண்ணம் இல்லாதவராகவே தமிழ்நாட்டுக்குப் பெற்றோரிடம் வந்திருந்தார். ஓரிரவு மூன்று வீடுகளிலிருந்து ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனைப்படும் தம் மனைவியைக் காப்பாற்ற வருமாறு அவரை அழைத்தனர். தாம் மருத்துவர் அல்லர், தந்தையே மருத்துவர் என்று அவர் கூறினார். அந்நிய ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்க்க வழக்கம் இடந்தராது என்று மூவரும் திரும்பிச் சென்றனர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் உயிர் நீத்திருந்தனர் என்று அவரது வரலாறு கூறுகின்றது. அந்தத் துயரமே அவரை மருத்துவராக்கியது. 1900 இல் அவர் வேலூரிலே தொடங்கிய சிறு பணி, பின்னாளில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்தும் நோயாளர் நாடிச் செல்லும் வைத்தியசாலை அது.

அன்று உயிரைப் பறித்தது வழக்கம். எனினும் ஐடா ஸ்கடர் வழக்கத்தைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை. பெண்களை மருத்துவராகவும் தாதியராகவும் பயிற்றி, அந்தப் பெண்களின் நாணத்துக்கும் இடமளித்து உயிரையும் காத்தார். வழக்கம் மனிதருக்காக ஏற்பட்டது. மனித உயிரைக் கேட்கும் வழக்கத்தைத் திருத்துவதே அதன் நோக்கத்தைக் காப்பாற்றும் வழி என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இம்மண்ணிலும் அத்தகைய வழக்கங்கள் இருந்தன. கணவனை இழந்த பெண், மங்கல காரியத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும் என்றனர். துக்கத்தில் இருப்பவருக்குத் துணை மிகவும் தேவைப்படும் வேளையில் துணையை விலக்கிய வழக்கம் அது. மனநோய் வந்தால் மற்றப் பிள்ளைகளின் திருமணம் தடைப்படும் என்று அஞ்சி வீட்டுக்குள்ளே மறைத்தனர், இன்றும் மறைக்கின்றனர். நோயைவிட ஊர்வாய்க்கு அஞ்சும் நிலை அது. காய்ச்சலுக்கு வைத்தியசாலைக்குச் செல்வதைப் போலவே மனச்சோர்வுக்கும் செல்லலாம், சென்று வந்தவரை ஊர் வழமைபோல் வரவேற்கலாம் என்றாகும் நாளில் பல வீடுகளின் இருள் அகலும்.

எல்லாவற்றிலும் பெரிய காயம் சாதியினால் ஏற்பட்டது. வழிபாட்டிடங்களில் சாதியின் பெயரால் தடை விதிப்பது 1957 இல் இயற்றப்பட்ட சட்டத்தினால் குற்றமாக்கப்பட்டது. அதற்குப் பின்னரும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே, உள்ளே சென்று கும்பிட அனுமதி கேட்டு மக்கள் அறவழியில் அமர வேண்டியிருந்தது. வாசலில் நின்றவரும் முருகனையே கும்பிட்டார், வாசலை மறித்தவரும் முருகனையே கும்பிட்டார். திருப்புன்கூரிலே நந்தனாருக்குத் தரிசனம் கிடைக்கும்பொருட்டு இறைவன் நந்தியை விலகச் செய்தார் என்று போற்றுகின்றவர்கள், தாம் விலக மறுத்தனர். நல்லூர் உட்படப் பல ஆலயங்கள் காலப்போக்கில் எல்லோருக்கும் கதவைத் திறந்தன. ஆயினும் 2018 ஆம் ஆண்டிலும் தென்மராட்சிப் பகுதியிலுள்ள ஓர் ஆலயத்திலே அடியார்களின் கைகளுக்குப் பதிலாக மண் அகழும் இயந்திரத்தைக் கொண்டு தேர் இழுத்த செய்தி வெளிவந்தது. எல்லோரும் வடம் பிடிப்பதை விரும்பாமையே அதற்குக் காரணம் என்று அப்போது பேசப்பட்டது.

தேர் இருப்பிடம் சேர்வது மட்டும் நோக்கமாயின் இயந்திரம் போதும். ஒருவராலும் தனியே அசைக்க முடியாத பாரத்தைப் பலர் சேர்ந்து அசைக்க வேண்டும் என்பதற்காகவே முன்னோர் தேரை அவ்வளவு பெரிதாகவும் வடத்தை அவ்வளவு நீளமாகவும் செய்து வைத்தனர். வடத்தைப் பிடிக்கும்போது முன்னே நிற்பவர் யார், பின்னே நிற்பவர் யார் என்று கை அறியாது. பாரத்தை மட்டுமே அறியும். அந்த வடத்தை விட்டு ஒருவரை விலக்கினால், விலக்கப்பட்டவரின் மனம் மட்டும் புண்படுவதில்லை. பிடித்திருப்பவர்களின் வழிபாடும் குறைபடுகின்றது. உறவு மருந்து என்பது உண்மையானால், உறவை மறுப்பது நஞ்சாகும் என்பதும் உண்மையே.

பணமும் கையும்

இன்று வேறொரு வகையிலும் வடத்தில் கைகள் குறைந்து வருகின்றன. புலம்பெயர்ந்த உறவுகள் ஊர்க் கோயில்களுக்குச் செய்யும் உதவி மிகப் பெரிது. யுத்தத்தில் சிதைந்த ஆலயங்கள் பல அவர்களின் உழைப்பால் எழுந்தன. சென்ற இடங்களிலும் அவர்கள் ஆலயம் அமைத்தனர். ஜேர்மனியின் ஹம் நகரிலே 2002 இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயத்தின் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். குளிர் நாட்டிலே தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் இடையே ஓடித் தனித்துப்போன மனங்களுக்கு அந்த ஒரு நாள் ஊராக அமைகின்றது.

ஆயினும் பணத்தால் மட்டும் ஊரைத் தாங்க முடியாது. முன்னர் பிடியரிசி சேர்த்துச் செய்த அன்னதானத்தில் ஊரின் ஒவ்வொரு அடுப்புக்கும் பங்கிருந்தது. ஏழையின் பிடியும் செல்வரின் பிடியும் ஒரே கடகத்தில் விழுந்தன. இன்று ஒருவரே முழுச் செலவையும் ஏற்கச் சமையற்காரர் வந்து சமைத்துவிட்டுப் போகும்போது, உணவு நிறைகின்றது. ஆனால் தேங்காய் துருவிய கைகளுக்கும் விறகு கொத்திய கைகளுக்கும் வேலை இல்லாமற் போகின்றது. வேலை இல்லாத கைகள் மெல்ல மெல்லக் கோயிலுக்கு வராமலே நின்றுவிடுகின்றன. 1877 ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார்கள். பணம் திரட்டியதோடு நில்லாமல் தாமே முன்னின்று அதனை நடத்திய பெருமை அவருக்கு உண்டு.

2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொவிட் நோய் காரணமாகத் திருவிழாக்கள் கட்டுப்பாடுகளோடு நடந்தன. பூசைகள் தவறவில்லை. பல ஆலயங்களின் திருவிழாக்களை வீட்டிலிருந்தே திரையிலும் பார்க்க முடிந்தது. எனினும் வெறிச்சோடிய வீதியைக் கண்ட அடியார்கள் கண்கலங்கினர். தரிசனம் கிடைத்த பின்னரும் எதுவோ குறைந்திருந்தது. தோளோடு தோள் உரசி நிற்கும் நெரிசலும், அரோகரா என்று ஒருமித்து எழும் ஒலியும், தண்ணீர்ப் பந்தலில் முன்பின் அறியாதவர் நீட்டும் மோர்க் குவளையும் திரையில் வருவதில்லை.

முடிவாக

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பர். அந்தச் செல்வத்தை ஒருவர் தனியே சேர்த்துத் தனியே பூட்டி வைக்க முடியாது. உடம்பைப் பேணுவது அவரவர் கடமை. கந்தசஷ்டி விரதம் இருக்க விரும்பும் சீனி நோயாளர் முதலில் தம் வைத்தியரிடம் கேட்டு அதற்கேற்ப விரதத்தை அமைத்துக்கொள்வதால் முருகன் கோபிக்கப்போவதில்லை. மனத்தைப் பேணுவது குடும்பத்தின் கடமை. இவை இரண்டுக்கும் இடமளிப்பது ஊரின் கடமை.

அந்தக் கடமைக்குப் பெருந்திட்டம் எதுவும் தேவையில்லை. சென்ற ஆண்டு திருவிழாவுக்கு வந்து இந்த ஆண்டு வராதவர் யார் என்று ஒருவர் எண்ணிப் பார்த்தாலே போதும். நோயில் படுத்திருப்பவராயின் அன்னதானத்தில் ஒரு பங்கை அவர் வீட்டுக்குக் கொண்டு சென்று, ஆறுதலாக இருந்து உண்ணச் செய்துவிட்டு வரலாம். மனஸ்தாபத்தால் ஒதுங்கியவராயின் முதலில் பேசுபவர் சிறியவராகிவிடுவதில்லை. வாசலில் தயங்கி நிற்பவராயின், வடத்திலே அவருக்கு ஒரு பிடி இடம் விட்டு நிற்கலாம்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது முன்னோர் வாக்கு. ஊர் என்பது வடத்தைப் பிடித்திருப்பவர்கள் மட்டும் அல்லர், பிடிக்க ஆசைப்பட்டுத் தூர நிற்பவர்களும் ஊரே. அவர்களின் கைகளும் சேரும் நாளில் தேர் இலகுவாக அசையும். உடல் நோயும் உள நோயும் தணியும். சுகமாய் இருக்கிறியளோ என்று ஒருவர் கேட்கும்போது, ஓம், எல்லாரும் சுகம் என்று உண்மையாகவே விடை கூற முடியும். அந்த நலத்தை ஆலயத்தில் வீற்றிருக்கும் எம்பெருமான் அடியார் அனைவருக்கும் அருள்வாராக.